டீச்சரைக் கேளுங்கள்: நின்று நின்று போகும் மரக் கடிகாரம்

பணி ஓய்வுக்குப் பிறகு கிட் வாங்கி ஒரு மரக் கடிகாரம் கட்டினேன் என்று போன இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கேள்விகளே இந்த இதழின் பக்கத்தை நிறைத்துவிட்டன. வானவில் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

டீச்சர், மரக் கடிகார கிட் என்று பல வகை விற்கிறார்கள். எனக்குத் தச்சு வேலை தெரியாது. எதை வாங்குவது?

பெட்டி மேல் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். இரண்டே விஷயம் கேளுங்கள். ஒரு தடவை சாவி கொடுத்தால் எத்தனை மணி நேரம் ஓடும்? அதை ஓட்டுவது எடையா, ரப்பர் பேண்டா? ரப்பர் பேண்டில் ஓடுபவை கோத்துப் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் முறுக்கு தளரத் தளர வேகம் மாறும், சீக்கிரம் நின்றும் போகும். அவற்றைப் புதிர் என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம் இருக்காது. கயிற்றில் தொங்கும் எடைக்கு அந்தத் தளர்ச்சி கிடையாது. முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் ஒரே இழுவைதான்.

சக்கரங்கள் ப்ளைவுட்டாக இருக்கட்டும், அச்சுகள் எஃகுக் கம்பியாக இருக்கட்டும். அச்சும் மரக்குச்சிதான் என்றால் முதல் கடிகாரமாக அதை எடுக்காதீர்கள்.

என்னிடம் இருப்பதில் 2 கிலோ எடை ஒரு நாளில் ஒரு மீட்டர் இறங்குகிறது. அதில் கிடைப்பது சுமார் 20 ஜூல் ஆற்றல். அதை வைத்து 86,400 விநாடி ஓட்ட வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு வாட்டில் நாலாயிரத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

மரத்தில் செய்தது சரியாக நேரம் காட்டுமா? அழகுப் பொருள்தானே?

ஜான் ஹாரிசன் என்று ஓர் ஆங்கிலேயர். கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க உதவும் கடிகாரங்களைப் பின்னாளில் செய்தவர். தச்சர் மகன். அவர் 1713-இல் செய்த முதல் கடிகாரத்தில் பல்சக்கரங்கள் எல்லாம் ஓக் மரம். பிறகு 1722 வாக்கில் பிராக்லஸ்பி பார்க் என்ற பண்ணை மாளிகையின் குதிரை லாயத்துக்கு ஒரு மரக் கடிகாரம் செய்துகொடுத்தார். உராயும் இடங்களில் லிக்னம் விட்டே என்ற, தானே எண்ணெய்ப் பசை உள்ள மரத்தை வைத்தார். அதனால் அதற்கு எண்ணெயே போட வேண்டியதில்லை. முந்நூறு வருடமாகியும் அது ஓடுகிறது. அப்புறம் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஈலை டெரி என்பவர் மூன்றே வருடத்தில் 4,000 மரக் கடிகார இயந்திரங்களைச் செய்துகொடுத்தார்.

அழகுப் பொருளா என்று கேட்டீர்கள். என்னுடையது இப்போது வாரத்துக்கு ஒரு நிமிடம் முன்னே பின்னே போகிறது. சில கைக்கடிகாரக்காரர்கள் வகுப்புக்கு வந்த நேரத்தை விட இது தேவலை.

படத்தில் உள்ளபடியே கோத்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. தள்ளிவிட்டால் சில நிமிடம் ஓடுகிறது, பிறகு நின்றுவிடுகிறது. எடையைக் கூட்டலாமா?

கூட்டாதீர்கள். இந்தக் கேள்வி மட்டும் பதினொரு பேரிடமிருந்து வந்திருக்கிறது. நானும் முதலில் அதைத்தான் செய்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. ஓட வைக்க இரண்டு வாரம். நின்றபோதெல்லாம் எடைக் குழாயில் இன்னும் ஒரு பிடி ஈயக் குண்டு போட்டேன். ஓடியது. மறுநாள் நின்றது. மறுபடி ஒரு பிடி. மூன்றே முக்கால் கிலோ வந்தபோது கயிற்று உருளை பக்கத்தில் எஃகு அச்சே லேசாக வளைந்துவிட்டது. உராய்வு இருந்த இடத்திலேயே இருந்தது. நான் அதன் மேல் பாரத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பிறகு அச்சை மாற்றி, பழைய 2 கிலோவுக்கே திரும்பி, ஒரு நோட்டும் பென்சிலுமாக எதிரே உட்கார்ந்தேன். நிற்கும் நேரத்தை எழுதினேன். விரலால் லேசாகத் தட்டி ஓட விட்டேன். மறுபடி நின்றதும் எழுதினேன். பக்கம் நிறைந்தபோதுதான் கண்ணில் பட்டது: ஏழரை நிமிடம், ஏழரை நிமிடம், பதினைந்து நிமிடம், ஏழரை நிமிடம்.

இப்போது உங்கள் கிட்டில் பற்களை எண்ணுங்கள். என்னுடையதில் நிமிட முள்ளின் அச்சில் 64 பல் சக்கரம். அது நடு அச்சில் இருக்கும் 8 பல் பினியனை, அதாவது சின்னப் பல்சக்கரத்தை, சுழற்றுகிறது. ஆகவே அந்த நடு அச்சு ஒரு மணி நேரத்தில் எட்டுச் சுற்று. அதே அச்சில் இருக்கும் 60 பல் சக்கரம் இன்னொரு 8 பல் பினியனைச் சுழற்றுகிறது. அது நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதில்தான் 30 பல் எஸ்கேப் வீல், அதாவது ஊசல் நிறுத்தி நிறுத்தி விடும் கடைசிச் சக்கரம், உட்கார்ந்திருக்கிறது. ஊசல் ஒரு முறை போய்வர ஒரு பல் விடுபடும். நிமிடத்துக்கு ஒரு தரம் தயங்கினால் கோளாறு எஸ்கேப் வீல் அச்சில். மணிக்கு ஒரு தரம் நின்றால் நிமிட அச்சில். ஏழரை நிமிடத்தில் ஒரு முறை சுற்றுவது எது? அந்த நடு அச்சு மட்டும்தான்.

கழற்றி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். 60 பல்லில் ஒரு பல்லின் அடியில் கடுகளவு பசை வழிந்து காய்ந்திருந்தது. கண்ணாடி மாதிரி நிறமே இல்லாமல் இருந்ததால் வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. சவரத் தகட்டின் நுனியால் சுரண்டினேன். அன்று இரவு முழுக்க ஓடியது. நான்தான் தூங்கவில்லை.

நேர ஒழுங்கே இல்லாமல் நின்றால் வேறு மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, அச்சுக்கு நீளவாக்கில் கொஞ்சம் ஆட்டம் இருக்க வேண்டும். முன்பலகையையும் பின்பலகையையும் இறுக்கித் திருகிவிட்டு, அச்சை விரல் நகத்தால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் நகரவில்லை என்றால் நெரிகிறது என்று அர்த்தம். அடுத்து, எஸ்கேப் வீலின் பற்களைப் பிடித்துப் பிடித்து விடும் நங்கூர வடிவத் துண்டைக் (நங்கூரம் என்றே பெயர்) கழற்றிவிட்டுச் சக்கரங்களை மட்டும் மாட்டி, எஸ்கேப் வீலை வாயால் ஊதுங்கள். சுற்ற வேண்டும். ஊதிச் சுற்றாதது ஊசலுக்கும் சுற்றாது.

மூன்றாவது காதால் பார்க்க வேண்டியது. டிக்-டாக், டிக்-டாக் என்று சம இடைவெளியில் வர வேண்டும். டிக்டாக்... டிக்டாக்... என்று நொண்டினால் நங்கூரம் நடுவில் இல்லை. கடிகாரத்தைச் சுவரில் லேசாக இடமும் வலமும் சாய்த்துக் கேளுங்கள். ஒரு சாய்வில் நொண்டல் நின்றுவிடும். அதற்காக அப்படியே கோணலாக மாட்டி வைத்துவிடாதீர்கள். ஊசலை அசைக்கும் கம்பி நங்கூர அச்சில் உராய்ந்து பிடித்திருக்கும். அதைத் துளித் துளியாகத் திருப்பிக்கொண்டே வந்தால் நேராக மாட்டிய நிலையிலேயே சமமாகும்.

என்ன எண்ணெய் போடலாம்?

எதுவும் வேண்டாம். மரம் எண்ணெயைக் குடித்து உப்பிவிடும்; எண்ணெயோடு தூசி சேர்ந்து சந்தனம் அரைத்த மாதிரி ஆகிவிடும். அச்சுத் துளைகளில் மட்டும் மென்மையான பென்சில் கரியை உரசி விடுங்கள். பற்களில் அதுகூடத் தேவையில்லை.

என் கடிகாரம் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் எடை பாதிக்கு மேல் இறங்கியதும், கிட்டத்தட்ட ஊசல் குண்டின் மட்டத்துக்கு வரும்போது, தினமும் நிற்கிறது. பேய் பிடித்திருக்கிறதா?

எனக்கு வந்ததில் மிக நல்ல கேள்வி இது. பேய் இல்லை, ஒத்ததிர்வு. பத்தாம் வகுப்பில் ஊஞ்சலை வைத்துச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கலாம். எடை தொங்கும் கயிற்றின் நீளம் ஊசலின் நீளத்துக்குச் சமமாகும்போது எடையும் ஓர் ஊசல்தான், அதே அலைவு நேரம். சுவரிலோ சட்டத்திலோ துளி ஆட்டம் இருந்தாலும் போதும், எடை தானும் ஆட ஆரம்பித்து ஊசலின் சக்தியைத் திருடிக்கொள்ளும். நிற்கும் நேரத்தில் போய் உற்றுப் பாருங்கள், எடை மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். கடிகாரத்தின் அடிப்பக்கத்தையும் இரண்டு திருகு போட்டுச் சுவரோடு இறுக்குங்கள். ஒற்றை ஆணியில் தொங்குகிற வரை இது போகாது.

ஒரு மீட்டர் ஊசல். நாளைக்கு 2 நிமிடம் வேகமாகப் போகிறது. எவ்வளவு இறக்க வேண்டும்?

ஒரு பக்கத்துக்கு ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளம் சுமார் 99.4 செ.மீ. அலைவு நேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், இந்த அளவில் 1 மி.மீ. மாற்றத்துக்கு ஒரு நாளில் ஏறக்குறைய 43 விநாடி மாறும். உங்களுக்கு 120 விநாடி குறைய வேண்டும்; குண்டை 2.8 மி.மீ. கீழே இறக்குங்கள். அடியில் இருப்பது 3 மி.மீ. திருகு என்றால் அதன் புரி இடைவெளி வழக்கமாக அரை மி.மீ.; ஐந்தரைச் சுற்று. நட்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் எண்ணிக்கை தவறாது. ஒரு முழு நாள் விட்டுப் பார்த்துவிட்டு அடுத்த திருத்தம். மணிக்கு ஒரு தரம் திருகுகிறவர்களுக்கு இந்த வேலை முடியவே முடியாது.

25 செ.மீ. குட்டி ஊசல் வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கைப் பயன்படுத்தாதீர்கள். அங்கே 1 மி.மீ. என்பது நாளைக்குக் கிட்டத்தட்ட 3 நிமிடம்.

ஊசல் தண்டும் மரம்தான். எஃகுக் கம்பியாக மாற்றினால் துல்லியம் கூடுமா?

குறையும்! ஒரு மீட்டர் எஃகு 10 டிகிரி சூட்டுக்கு ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நீளும். நாளைக்கு 5 விநாடி பிந்தும். மரம் நார் ஓடும் திசையில் அதில் பாதிகூட நீளாது. அதை அப்படியே வைத்திருங்கள், வார்னிஷ் மட்டும் பூசுங்கள்.

மழை நாட்களில் சக்கரம் நெளிந்து பலகையில் உரசுகிறது.

ஒரு பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்தீர்கள், சரியா? முன்பக்கம்தானே தெரியும் என்று எல்லோரும் செய்வதுதான். பூசாத பக்கம் ஈரத்தை இழுத்து உப்ப, பூசிய பக்கம் உப்பாமல் இருக்க, சக்கரம் அப்பளமாக வளைகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு மெல்லியதாகப் பூசுங்கள். பல்லின் உரசும் முகத்தில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பல் உடைந்துவிட்டது. முழுச் சக்கரத்தையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். உடைந்த இடத்தில் வாள்தகட்டால் ஒரு பள்ளம் வெட்டி, சின்னத் துண்டு மரத்தைச் செருகிப் பசை வைத்து, காய்ந்ததும் பக்கத்துப் பல்லைப் பார்த்து அரத்தால் வடிவம் கொடுங்கள். மரத்தின் நார் சக்கரத்தின் மையத்திலிருந்து வெளியே ஓடும்படி துண்டை வையுங்கள். குறுக்கே வைத்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஹாரிசனும் தன் ஓக் சக்கரங்களில் பற்களைச் சில சில பற்கள் கொண்ட தனிக் கட்டைகளாக, நார் வெளியே பார்க்கும்படிதான் பதித்தார். உப்புத்தாளை மட்டும் கையில் எடுக்காதீர்கள். "வழவழப்பாக்குகிறேன்" என்று நான் தேய்த்த இரண்டு பினியன்கள் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கின்றன, தேய்ந்த பல்லோடு.

டிக் டிக் சத்தத்தில் என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் வரவில்லையாம்.

ஒரு வாரம் பொறுங்கள். அப்புறம் கடிகாரம் நின்றால்தான் எழுந்துகொள்வார்.

டீச்சர், நான் ஏழாம் வகுப்பு. அப்பாவும் நானும் கிட் கோக்கிறோம். முகப்புக்குப் பின்னால் 10, 30, 8, 32 பல் உள்ள நாலு சக்கரம் இருக்கிறது. ஏன் இந்த எண்கள்? 10-ஐயும் 30-ஐயும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்?

வா தம்பி. நிமிட முள் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் மணி முள் ஒரு சுற்று, இல்லையா? நிமிட அச்சில் இருக்கும் 10, பக்கத்தில் இருக்கும் 30-ஐச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்கு. அதோடு ஒட்டிய 8, மணி முள்ளின் 32-ஐச் சுழற்றினால் நாலில் ஒரு பங்கு. மூன்றையும் நாலையும் பெருக்கு. இன்னொரு வேடிக்கை: 10-ஐயும் 30-ஐயும் கூட்டு, 8-ஐயும் 32-ஐயும் கூட்டு. இரண்டும் 40 வருகிறதா? இரண்டு ஜோடியும் ஒரே இரண்டு அச்சுகளுக்கு நடுவே பொருந்த வேண்டும், அதனால்தான் அப்படி எடுத்திருக்கிறார்கள்.

மாற்றிப் போட்டாலும் கூட்டல் 40-தான், ஆகவே அழகாகப் பொருந்தும். ஆனால் மணி முள் ஒரு மணி நேரத்தில் முக்கால் வட்டம் ஓடிவிடும். ஒரு தடவை போட்டுப் பார். அப்பா பசை வைப்பதற்கு முன்னால்.