கத்திரி வெயிலும் கடற்கரை வீடும்: வாசகர் கேள்வி – பதில்

சித்திரை பிறந்ததிலிருந்து வந்த கடிதங்களில் தண்ணீர் பற்றியவைதான் அதிகம். அதனால் இந்த முறை தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியான சம்புக்கும், போர் கிணற்றுக்கும் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

கத்திரி முடிந்த பிறகும் வெயில் குறையவே மாட்டேன் என்கிறதே, ஏன்?
*வாசகி, கொளத்தூர்*

கத்திரி என்பது பஞ்சாங்கக் கணக்கு. பெரும்பாலும் மே 4 அளவில் தொடங்கி 28 அளவில் முடியும். சென்னையின் பகல் சூட்டை முடிவு செய்வது கடற்காற்று. தரை சூடேறியதும் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். நண்பகலை ஒட்டி அது வந்துவிட்டால் வெப்பம் அதற்கு மேல் ஏறாது. மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருங்கும்போது தரைப்பக்கத்திலிருந்து மேற்குக் காற்று பலமாக வீசும். அது கடற்காற்றை மாலை வரை உள்ளே விடாது; சில நாள் வரவே விடாது. நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று, அதாவது கத்திரி முடிந்த பிறகு.

அதனால் காலண்டரைவிட காற்றைப் பாருங்கள். பகல் ஒரு மணிக்கும் மாடிக் கொடியில் காயும் துணி கிழக்குப் பக்கமாகவே பறந்தால் காற்று மேற்கிலிருந்து வருகிறது. அன்று வெளிவேலையை மாலைக்குத் தள்ளிவிடுங்கள். கடலோர ஊர்களுக்கு வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிப்பது 37 டிகிரியிலிருந்தே. வெப்பம் அந்த அளவைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருந்தால் அது வெப்ப அலை. உள்மாவட்டங்களுக்கு 40. இங்கே காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, உடம்பு ஆறாது. வேலூர்க்காரர் 39-ல் தாங்குவதைச் சென்னைக்காரர் தாங்க முடியாமல் போவது இதனால்தான்.

வீட்டில் வயதானவர் யாராவது பேச்சுக் குழறினால், ஆள் தெரியாமல் உளறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெறும் மயக்கம் இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை சும்மா காத்திருக்க வேண்டாம். உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, ஃபேனைப் பக்கத்தில் வையுங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஈரத்துணி போடுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். வெறும் சோர்வுதான், நினைவு தெளிவாக இருக்கிறது என்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து. கண் அளவில் போட வேண்டாம்.

சம்பை எப்படிச் சுத்தம் செய்வது? லாரித் தண்ணீருக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் போடுவது?
*குடியிருப்போர் சங்கச் செயலாளர், மடிப்பாக்கம்*

முதலில் ஆள் உயிர். மூடியே கிடந்த சம்பில் பிராணவாயு குறைந்திருக்கும், அடியில் சேறு இருந்தால் விஷவாயுவும் இருக்கலாம். உள்ளே இறங்கியவர் சாய்ந்ததும் அவரைத் தூக்க அடுத்தவர் இறங்குவார், அவரும் சாய்வார். இந்த ஊரில் இப்படிச் செத்தவர்கள் உண்டு. முடிந்தவரை மேலிருந்தே நீண்ட பிடி பிரஷ்ஷால் தேய்த்து, சேற்றை மோட்டாரால் இறைத்துவிடுங்கள். இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், மூடியை வெகுநேரம் முன்பே திறந்து, வெளிக்காற்றை உள்ளே ஊதும் ப்ளோவரை ஓடவிட்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே இரண்டு பேர் நிற்க வேண்டும். மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். டீசல், பெட்ரோல் பம்ப்பைச் சம்பின் வாய்க்கருகே வைத்தால் அதன் புகையே கொல்லும். ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேரக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

தேய்த்துக் கழுவி இறைத்த பிறகு 10 லிட்டர் வாளியில் 10 கிராம் பவுடரைக் கரைத்து, சுவர்களில் துடைப்பான் கொண்டு மேலிருந்தே பூசுங்கள். அந்த நேரத்தில் உள்ளே ஆள் இருக்கக் கூடாது. அரை மணி கழித்து ஒருமுறை அலசி இறைத்தால் போதும். சம்பு நிறைய மருந்துத் தண்ணீர் நிரப்பிக் கொட்டுவது கோடையில் வீண்.

லாரி வருவதற்கு முன் சம்பை அளந்துவிடுங்கள். அடிக் கணக்கில் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கி, அதை 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 10 அடிக்கு 8 அடி, ஆழம் 6 அடி என்றால் 480 கன அடி, ஏறக்குறைய 13,600 லிட்டர். அடியில் ஓர் அடித் தண்ணீர் மிச்சமிருந்தால் அதுவே 2,260 லிட்டர். 12,000 லிட்டர் லாரி வந்தால் 600 லிட்டருக்கு மேல் தெருவில் ஓடும். காசு கொடுத்து வாங்கிய தண்ணீர் அது.

பவுடர் அளவு: நல்ல பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம். 12,000 லிட்டருக்கு 30 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், கையால் அள்ளிப் போட வேண்டாம். பக்கெட் தண்ணீரில் கலக்கி 10 நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்த நீரை மட்டும் சம்பில் ஊற்றுங்கள். பவுடரை அப்படியே கொட்டுகிறவர்கள் வீட்டில்தான் சுண்ணாம்பு, உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் ஃபுட் வால்வில் ஏறுகிறது. ஊற்றி ஒரு மணி நேரம் கழித்தே மோட்டார் போடுங்கள். தண்ணீர் கலங்கலாக வந்திருந்தால் முதலில் படியவிடுங்கள். அழுக்கு குளோரினைத் தின்றுவிடும், கிருமி தப்பிவிடும். பாக்கெட்டைப் பிரித்துப் போட்ட பவுடர் வீரியம் இழந்துவிடும் என்பதால் சின்ன பாக்கெட்டாக வாங்கி இறுக மூடி வையுங்கள். தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் கிட் ஒன்றைச் சங்கத்துக்கு வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 0.5 பி.பி.எம். காட்டினால் சரியாக இருக்கிறது.

இன்னொன்றையும் சங்கக் கூட்டத்தில் கண்டிப்பாகச் சொல்லுங்கள். மெட்ரோ வாட்டர் குழாயில் நேராக மோட்டார் மாட்டுவது சட்டப்படி தவறு என்பதோடு முடிவதில்லை. மோட்டார் உறிஞ்சும்போது குழாயில் வெற்றிடம் உண்டாகி, மண்ணுக்குள் இருக்கும் விரிசல் வழியே பக்கத்துச் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். அது போய்ச் சேர்வது தெருவுக்கே. தண்ணீரில் நாற்றம் வந்தால் வாரியத்தின் 044-4567 4567 எண்ணில் புகார் பதிந்து, பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போர் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் 100 அடி ஆழப்படுத்தினால் நல்ல தண்ணீர் வருமா?
*வாசகர், திருவான்மியூர்*

வேண்டாம். தயவுசெய்து அந்தப் பணத்தைப் போடாதீர்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கத்து மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கணக்கு இது: நல்ல நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை நல்ல நீர் நிற்கும். அப்படியென்றால் நீங்கள் இறைத்து மேலே ஓர் அடி இறக்கினால், கீழே உப்புநீர் 40 அடி ஏற வழி பிறக்கிறது. ஆழம் போகப் போக உப்புதான் கூடும். ஒருமுறை உப்பேறிய இடம் நல்ல மழை இரண்டு மூன்று வருடம் பெய்தால்தான் தேறும்.

இப்போது செய்யக்கூடியது: ஒரேயடியாக மணிக்கணக்கில் மோட்டார் ஓட்டாமல் 15, 20 நிமிடமாகப் பிரித்து ஓட்டுங்கள். தொடர்ந்து உறிஞ்சினால் குழாயின் நேர்க்கீழே உப்புநீர் கூம்பாக எழும்பும். இடைவெளி விட்டால் தணியும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வாங்கி வாரம் ஒருமுறை குறித்து வையுங்கள். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தரநிலை. எண் வாராவாரம் ஏறினால் இறைப்பைக் குறைக்க வேண்டிய நேரம். உங்கள் பகுதிக்கு ஏற்றது ஆழமில்லாத கிணறுதான். பழைய கிணறு இருந்தால் அதை மூடி கார் நிறுத்தும் இடமாக்கிவிடாதீர்கள். மாடி மழைநீரை வடிகட்டி அதிலேயே விடுங்கள். 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு, பல வீடுகளில் ஒரு குழாயும் அடைபட்ட தொட்டியுமாகக் கிடக்கிறது. மே மாதமே கூழாங்கல்லை வெளியே எடுத்துக் கழுவுங்கள், மேல் மணலை மாற்றுங்கள், மாடியில் மழைநீர்க் குழாயின் வாயில் வலை போடுங்கள். புது போர் என்றால் 1987-ன் நிலத்தடி நீர்ச் சட்டப்படி குடிநீர் வாரியத்தின் அனுமதி வேண்டும்.

இரண்டு வருட ஏசி. கூலிங் இல்லை. "கேஸ் தீர்ந்துவிட்டது, நிரப்ப வேண்டும்" என்கிறார் மெக்கானிக். சரியா?
*வாசகி, சாந்தோம்*

ஏசியின் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கடலுக்கு அருகே பெரும்பாலும் அவுட்டோர் யூனிட்டின் காயில்தான். உப்புக்காற்று அலுமினியத் தகட்டை அரித்து மாவாக்கும். ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த சித்திரைக்கு முன் மறுபடி செலவு.

அவரிடம் இதைக் கேளுங்கள்: நைட்ரஜன் அழுத்தம் ஏற்றிக் கசிவைக் காட்டுவீர்களா, பற்றவைத்த பிறகு உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி வேக்கம் இழுப்பீர்களா, கேஸை எடை வைத்து ஏற்றுவீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் கொடுங்கள். ஆர்-32 கேஸ் தீப்பிடிக்கக்கூடியது. உள்ளே கேஸ் இருக்கும்போது பற்றவைக்க யாரையும் விடாதீர்கள்.

அதற்கு முன் நீங்களே ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். பாதி வீடுகளில் குறை அதுதான். மெயினை அணைத்துவிட்டு, அவுட்டோர் காயிலைச் சாதாரணத் தண்ணீரால் மெதுவாக மாதம் ஒருமுறை கழுவுங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம், தகடு மடங்கும். 24-லிருந்து ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும். 26-ல் வைத்து ஃபேனும் ஓடட்டும். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரையிலான குறைந்த விலை கைவிட்டுப் போகும் என்பதால், மாதம் ஒருமுறை மீட்டரைப் பாருங்கள். லோ வோல்டேஜ், ஃபியூஸ் புகாருக்கு மின்வாரியத்தின் மின்னகம்: 94987 94987.

மீன்பிடித் தடைக்காலத்தில் வஞ்சிரம் விற்கிறார்களே, வாங்கலாமா?
*வாசகர், ராயபுரம்*

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகுகளுக்குத்தான் தடை. ஃபைபர் படகும் கட்டுமரமும் போகும். நெத்திலி, கவளை, சங்கரா, நண்டு எல்லாம் அன்றன்று கரை சேர்ந்ததாகக் கிடைக்கும். பெரிய வஞ்சிரம் பெரும்பாலும் மேற்குக் கரையிலிருந்து ஐஸில் வருவது. அங்கே தடை ஜூனில்தான் தொடங்கும். ஐஸ் மீன் கெட்டது என்று அர்த்தமில்லை. செவுள் சிவப்பாக இருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் குழி நிற்கக் கூடாது. கானாங்கெளுத்தியும் சூரையும் வெயிலில் கிடந்தால் அதில் உண்டாகும் ஹிஸ்டமின், கொதிக்க வைத்தாலும் போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து அரிப்பு எடுக்கும். இந்த இரண்டையும் ஐஸில்லாத தட்டிலிருந்து வாங்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு லீவு. மெரினாவில் முழங்கால் ஆழத்தில் நின்றால் போதும்தானே?
*வாசகி, ஐஸ் ஹவுஸ்*

மெரினாவில் குளிக்கத் தடை இருக்கிறது, காரணத்தோடுதான் இருக்கிறது. கரை திடீரென்று சரிவதால் முழங்கால் ஆழம் நாலே எட்டில் கழுத்தளவாகும். அலைகள் கொண்டுவந்த தண்ணீர், மணல்திட்டின் இடைவெளி வழியாகக் கடலுக்குத் திரும்பும்போது இழுவை உண்டாகிறது. அந்த இடத்தில் அலை உடையாது, தண்ணீர் அமைதியாகத் தெரியும், நிறம் சற்றுக் கலங்கலாக இருக்கும். "இங்கே அலையே இல்லை" என்று பிள்ளைகள் இறங்குவது அங்கேதான். சிக்கினால் கரையை நோக்கி நீந்தக் கூடாது, களைத்துவிடுவார்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுவையை விட்டு விலக வேண்டும். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்த வேண்டும். காப்பாற்றப் பாய்கிறவரும் சேர்ந்து போவதுதான் இங்கே அடிக்கடி நடப்பது. மூடிய காலி கேனைக் கயிறு கட்டி வீசுங்கள், மீனவரைக் கூப்பிடுங்கள்.

வானம் தெளிவாக, காற்றே இல்லாத நாளிலும் பெரிய அலை வரும். தெற்கே வெகுதொலைவில் பெருங்கடலில் கிளம்பி வரும் இதைக் கள்ளக்கடல் என்கிறார்கள். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது. எச்சரிக்கை உள்ள நாளில் மணலில்கூட அலை ஓரம் உட்கார வேண்டாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை போட்டிருக்கும் பாறைகளில் ஏறி நின்று படம் எடுப்பதையும் விட்டுவிடுங்கள். பாசி வழுக்கும், விழுந்தால் பாறை இடுக்கிலிருந்து எழ முடியாது.

கோடையில் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டால் வண்டி வெடிக்குமா?
*வாசகர், அம்பத்தூர்*

வெடிக்காது. தயாரிப்பாளர் சொன்ன அளவு வரை போடலாம். டயரில்தான் கவனம் வேண்டும்: வண்டி ஓடாமல் நின்ற காலையில் காற்றைப் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகத் தெரிகிறதே என்று காற்றை இறக்கினால், டயர் மேலும் சூடேறிக் கிழியும்.

சொத்து வரிக்கு ஏதோ சலுகை உண்டாமே?
*வாசகர், பெரம்பூர்*

முதல் அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சம் 5,000 ரூபாய். சந்தேகத்துக்கு மாநகராட்சி எண் 1913.

கடற்கரையை ஒட்டிய வீடு எங்களுடையது. ஆமைக்குஞ்சுகள் ரோட்டுக்கு வந்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?
*வாசகி, நீலாங்கரை*

பங்குனி ஆமைகள் ஜனவரி முதல் முட்டையிடும், 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரியும். அதனால் மே வரை குஞ்சுகள் வரும். இருட்டில் வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று அவற்றுக்குத் தெரியும். உங்கள் மாடி விளக்கு கடலைவிடப் பிரகாசமாக இருந்தால் உங்களிடம் வரும். கடல் பக்கத்து விளக்குகளை இரவில் அணைத்துவிடுங்கள். அணைக்க முடியாததற்குத் தரையைப் பார்க்கும் மறைப்புப் போடுங்கள். ரோட்டில் கண்ட குஞ்சை வாளித் தண்ணீரில் போடாதீர்கள், நீந்தி நீந்திக் களைத்துவிடும். ஈரமணல் போட்ட தட்டில் எடுத்துப்போய், அலைக்குச் சில அடி முன்பாக இருட்டில் இறக்கிவிடுங்கள். மிச்ச தூரத்தை அது தானே நடந்து போகட்டும். டார்ச்சும் ஃபிளாஷும் வேண்டாம்.