பிறந்ததும் அழாத குழந்தை: மூளையைக் காக்கும் புதுச் சிகிச்சைகள் பற்றிக் கேள்வி பதில்

பிரசவத்தின்போது ஆக்சிஜன் குறைந்து மூளை பாதிக்கப்பட்ட குழந்தைகளின் குடும்பத்தார் கேட்டவற்றுக்குப் பச்சிளம் குழந்தை மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

கேள்வி: அக்கா குழந்தைக்கு 'கூலிங்' செய்கிறார்கள். பச்சைக் குழந்தையை எதற்கு டாக்டர் குளிர வைக்கிறீர்கள்?

பதில்: ஆக்சிஜன் நின்ற அந்த நேரத்திலேயே எல்லா செல்களும் சாவதில்லை. ரத்த ஓட்டம் திரும்பியதும் மூளை சில மணி நேரம் தேறியதுபோல இருக்கும். அப்புறம்தான் இரண்டாவது அடி விழும்: மீந்த செல்களும் சாகத் தொடங்கும். குளிர்ச்சி அந்தச் சேதத்தை மட்டுப்படுத்தும். அந்த அடி விழுமுன் முந்திக்கொள்ளத்தான், பிறந்து 6 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்ற கெடு. தண்ணீர் ஓடும் மெத்தையில் கிடத்தி, ஆசனவாயில் வைத்த வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே, உடம்பை 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைப்போம். பிறகு மெதுவாகச் சூடேற்றுவோம். தொட்டால் சில்லென்று இருக்கும், பயப்படாதீர்கள்.

கேள்வி: நம் ஊர்களில் இது பலன் தரவில்லையாமே?

பதில்: ஹெலிக்ஸ் ஆய்வைக் கேட்கிறீர்கள். இந்தியா, இலங்கை, வங்கதேசத்தில் 408 குழந்தைகள், சென்னைக் குழந்தைகளும் சேர்த்து. 2021இல் வந்த முடிவு எங்களை உலுக்கியது: குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதமும், குளிர்விக்காதவர்களில் 31 சதவீதமும் இறந்தார்கள். பலருக்குப் பாதிப்பு பிரசவ வலிக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பணக்கார நாடுகளில் இதே சிகிச்சை உயிரையும் மூளையையும் காத்திருக்கிறது. அதனால் 'எல்லோருக்கும் செய்', 'யாருக்கும் செய்யாதே' இரண்டுமே தவறு என்பேன். உங்கள் குழந்தைக்கு ஏன் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

கேள்வி: கூலிங்கோடு வேறு மருந்து சேர்த்தால்?

பதில்: ரத்தசோகைக்குத் தரும் எரித்ரோபாய்ட்டின் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. அமெரிக்காவில் 500 குழந்தைகளிடம் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். பலன் இல்லை, பக்கவிளைவுதான் கூடியது. செனான் வாயுவும் பிரிட்டன் ஆய்வில் கைகொடுக்கவில்லை. தூக்கத்தோடு தொடர்புடைய ஹார்மோனான மெலடோனின் இன்னும் சிறு ஆய்வுகளில்தான் இருக்கிறது.

கேள்வி: என் குழந்தைக்கு மூன்று மாதம். ஸ்டெம் செல் (குருத்தணு) ஊசிக்குச் சில லட்சம் கேட்கிறார்கள். நகையை வைத்துக் கட்டலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் விதிப்படி, இந்தப் பாதிப்புக்கு ஸ்டெம் செல்லைப் பதிவுசெய்த ஆய்வாகத்தான் தர முடியும். பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. அந்தப் பணம் பிசியோதெரபிக்குப் போய்வரவாவது உதவும். உங்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். குழந்தைக்கு மூன்று மாதம் என்கிறீர்கள். கை கால் அசைவைப் பார்த்து, பின்னாளில் பாதிப்பு தெரியுமா என்று கணிக்க ஏற்ற வயது இதுதான். இந்த வாரமே கூட்டிப் போங்கள்.