பென்சில்வேனியாவில் பிறப்பு, இறப்புப் பதிவுகளை வைத்து முன்னோரைத் தேடுவது எப்படி? பணம் கட்டித்தான் பார்க்க வேண்டுமா?

உங்கள் மனைவியின் கொள்ளுத்தாத்தா 1890 வாக்கில் பென்சில்வேனியாவில் பிறந்தவர், பிறப்புச் சான்றிதழ் கேட்டு எழுதியதற்கு "அப்படி ஒரு பதிவே இல்லை" என்று பதில் வந்துவிட்டது, இனி எங்கே போவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே பதிலை வாங்கிக்கொண்டு நானும் ஒரு வாரம் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். நான் வரலாறு படித்தவள் இல்லை, வக்கீலும் இல்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஒரு அமெரிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். தேடித் தேடிக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்கிறேன்.

அவர்கள் சொன்ன பதில் சரிதான். பிறப்பையும் இறப்பையும் மாநிலமே பதிய ஆரம்பித்தது 1906 ஜனவரியில். அதற்கு முன்னால் 1893 முதல் 1905 வரை அந்தந்தக் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) கோர்ட்டில் பேரேடு போட்டு எழுதினார்கள், அதில் விட்டுப்போன பிள்ளைகள் நிறைய. 1890-இல் பிறந்தவருக்கு அரசாங்கத் தாள் கிடைப்பது அரிது, சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவேடு இருந்தால் உண்டு. "அந்த வருஷத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள்" என்று யாராவது சொன்னால் அதையும் நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். 1890 கணக்கெடுப்பு 1921-இல் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தோடு ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது.

அதனால் பிறப்பை விடுங்கள், இறப்பிலிருந்து ஆரம்பியுங்கள். 1906-க்குப் பிறகு அந்த மாநிலத்தில் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும். அதில் பிறந்த தேதி, அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், அவர்கள் பிறந்த நாடு, செய்த வேலை, இறந்த காரணம், புதைத்த இடம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. 2011-இல் ஒரு சட்டம் போட்டு அடுத்த வருஷம் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்: இறந்து 50 வருஷம் ஆன பதிவும் பிறந்து 105 வருஷம் ஆன பதிவும் எல்லாருக்கும் திறந்தவை. அவையெல்லாம் ஹாரிஸ்பர்க்கில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்துக்கு வந்துவிட்டன.

பணம் பற்றிக் கேட்டீர்களே, நீங்கள் பென்சில்வேனியாவிலேயே குடியிருந்தால் ஆவணக் காப்பகத்தின் தளம் வழியாகப் போய் ஜிப் கோடு கொடுத்து, ஆன்செஸ்ட்ரி என்ற, சந்தா கட்டி முன்னோரைத் தேடும் தளத்தில் இருக்கும் அந்த மாநிலப் பதிவுகளை இலவசமாகப் பார்க்கலாம். வேறு மாநிலம் என்றால் உங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் கேளுங்கள், பல நூலகங்களில் உள்ளே உட்கார்ந்து ஆன்செஸ்ட்ரி பார்க்க விடுகிறார்கள். அதே மாதிரி இன்னொரு தளமான ஃபேமிலிசெர்ச் எல்லாருக்கும் இலவசம். முதல் மாதமே சந்தா கட்டாதீர்கள்.

இவ்வளவும் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். நான் எழுத உட்கார்ந்தது இன்னொரு விஷயத்துக்காக.

என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அவருக்கும் அது பழகிவிட்டது. அவருடைய அம்மா 1914-இல் லூசர்ன் கவுண்டியில், நிலக்கரிச் சுரங்கக் கம்பெனி கட்டிக்கொடுத்த வீட்டில் பிறந்தவர். அந்தப் பாட்டியின் அப்பா, இன்று ஸ்லோவாக்கியா என்று சொல்கிற பகுதியிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளி. பாட்டிக்கு நாலு வயதாக இருக்கும்போது அவர் குடும்பத்தை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிப் போய்விட்டார் என்பதுதான் வீட்டுக் கதை. பெண்டாட்டியையும் மூன்று பிள்ளைகளையும் தவிக்கவிட்டுப் போனவன். அவர் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. பாட்டி 1998-இல் சாகும்வரை அப்பா பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாராம்.

எனக்கு இதில் என்ன வந்தது என்று சிலர் கேட்பார்கள். என் சொந்தக்காரர்களே கேட்டார்கள், "அடுத்த வீட்டுக் குப்பையை ஏன் கிளறுகிறாய்" என்று. இது அடுத்த வீடு இல்லை, என் மகளின் ரத்தம். அத்தை கேட்டுக்கொண்ட பிறகுதான் நான் தேடவே ஆரம்பித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் 1920 கணக்கெடுப்பு. அதில் பாட்டியின் அம்மா பெயருக்கு நேரே விதவை என்று இருந்தது. துள்ளிக் குதிக்கவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்தில் புருஷன் விட்டுப்போன பெண்களும் மானத்துக்கு அஞ்சி விதவை என்றே சொல்லிக்கொள்வார்கள். அப்புறம் முதல் உலகப் போருக்கு எடுத்த ராணுவப் பதிவு அட்டைகளைப் பார்த்தேன். 1918 செப்டம்பர் 12 அன்று, அதுவரை பதியாத 18 முதல் 45 வயது ஆண்கள் எல்லாரும் பதிய வேண்டும், வெளிநாட்டுக் குடிமக்களும்தான். அவருடைய அட்டை கிடைத்தது. ஆனால் லூசர்னில் இல்லை, பிலடெல்பியாவில். சுரங்கத்தை விட்டு ஒரு தொழிற்சாலையில் போர்க்கால வேலைக்குப் போயிருக்கிறார். "நெருங்கிய உறவினர்" என்ற இடத்தில் மனைவி பெயரும் லூசர்ன் வீட்டு முகவரியும் இருந்தன. குடும்பத்தைக் கைகழுவியவன் கொடுக்கிற முகவரியா அது? குமாஸ்தா அவர் பெயரை ஒரு மாதிரி எழுதியிருக்கிறார், கீழே அவரே கையெழுத்துப் போட்ட இடத்தில் எழுத்துக்கூட்டல் வேறு. மெல்ல, அழுத்தி, ஒவ்வோர் எழுத்தாகப் போட்ட கையெழுத்து. அந்த மனிதர் தன் கையால் எழுதியது என்று இந்தக் குடும்பத்திடம் இருப்பது அது ஒன்றுதான்.

செப்டம்பர் 1918, பிலடெல்பியா என்றதுமே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த மாதம் 28-ஆம் தேதி போர்க்கடன் பத்திரத்துக்காக அங்கே ஒரு பெரிய ஊர்வலம் நடத்தினார்கள், இன்ஃபுளூயன்சா ஏற்கனவே ஊருக்குள் வந்திருந்தும் நடத்தினார்கள். அடுத்த சில வாரங்களில் அந்த ஒரு நகரத்தில் மட்டும் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். சவப்பெட்டி கிடைக்கவில்லை, குழி வெட்ட ஆள் கிடைக்கவில்லை.

குடும்பப் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வரவில்லை. ஹ்-இல் தொடங்கும் பெயர் அது, அடுத்த எழுத்தும் மெய். அப்படி ஓர் ஒலி ஆங்கிலம் பேசுகிறவர் காதில் விழாது. குடும்பப் பெயரை எடுத்துவிட்டு, பிறந்த நாடு ஆஸ்திரியா (ஸ்லோவாக்கியா அப்போது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்குள் இருந்தது), வயது 30-லிருந்து 36, மாதம் அக்டோபர் என்று மட்டும் வைத்து, மகள் தூங்கிய பிறகு ஒவ்வொரு சான்றிதழாகத் திறந்து பார்த்தேன். மூன்று வாரம் ஆயிற்று. பக்கம் பக்கமாக ஒரே காரணம், ஒரே கையெழுத்து, இருபது வயது, இருபத்தெட்டு வயது. சில இரவுகளில் மூடி வைத்துவிட்டு மகள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

கடைசியில் கிடைத்தது. முதல் எழுத்து விழுந்துபோய், நடுவில் இரண்டு எழுத்து மாறிப்போன பெயர். அக்டோபர் 9. காரணம் இன்ஃபுளூயன்சா, நிமோனியா. திருமணமானவர். அப்பா பெயர் "தெரியாது", அம்மா பெயர் "தெரியாது". தகவல் தந்தவர் என்ற இடத்தில் மனிதப் பெயரே இல்லை, "மருத்துவமனைப் பதிவு" என்று மட்டும் இருந்தது. ஆனால் குடியிருந்த முகவரி, தெருவும் கதவு எண்ணும், ராணுவ அட்டையில் அவருக்கென்று இருந்த பிலடெல்பியா முகவரியேதான். புதைத்தது அக்டோபர் 16. ஏழு நாள்.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். சான்றிதழ் கையில் கிடைத்ததும் எல்லாரும் பெயரையும் தேதியையும் பார்க்கிறார்கள். நீங்கள் முதலில் தகவல் தந்தவர் யார் என்று பாருங்கள். மருத்துவர் எழுதும் காரணமும் இறந்த தேதியும் ஒரு பக்கம், அவை ஓரளவு நம்பலாம். பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் அந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவர் சொன்னது. பெண்டாட்டி சொன்னதா, மருமகன் சொன்னதா, கூடத் தங்கியிருந்தவன் சொன்னதா என்பதைப் பொறுத்து அதன் மதிப்பு மாறும். தெரியாது என்று எழுதியிருந்தால், அவருக்குப் பெற்றோர் யாரென்று யாருக்குமே தெரியாது என்று அர்த்தம் இல்லை, சொல்ல ஆள் இல்லை என்றுதான் அர்த்தம்.

அப்புறம் கல்யாணப் பதிவு. இது மாநிலத்திடம் இருக்காது, 1885 அக்டோபர் முதல் கவுண்டியில்தான், அதுவும் அனாதைகள் கோர்ட் என்று பெயர் உள்ள நீதிமன்றத்தில். பெயரைப் பார்த்து வேறு ஏதோ இடம் என்று திரும்பி வந்துவிடாதீர்கள், கல்யாண லைசென்ஸ் கொடுப்பது அங்கேதான். பாட்டியின் அம்மா 1921-இல் மறுமணம் செய்துகொண்டவர். நானும் அத்தையும் லூசர்ன் கவுண்டியின் தலைநகரான வில்க்ஸ்பாரில் உள்ள கோர்ட்டுக்குக் காரில் போய் அந்தப் பேரேட்டை எடுக்கச் சொன்னோம். இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கனம். முன்பு மணமானவரா? ஆம். அந்த மணம் முடிந்தது எப்படி? இறப்பு. எப்போது? 1918 அக்டோபர். கீழே கையெழுத்துக்குப் பதிலாகக் கோணலாக ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் "அவள் குறி" என்று குமாஸ்தா எழுதியது. நம் ஊர்க் கைநாட்டு மாதிரி.

ஆக அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. சத்தியம் செய்து சொல்லியிருக்கிறாள். பிறகு எப்படி "ஊருக்குப் போய்விட்டான்" என்று ஆயிற்று? அத்தை காரில் திரும்பும்போது சொன்னார், "நாலு வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்லியிருப்பார்கள்? அப்பா தூரமாகப் போயிருக்கிறார் என்றுதானே." நம் வீடுகளிலும் அப்படித்தானே சொல்லுகிறோம். பிள்ளை அதைக் கப்பலேறிப் போனதாக எடுத்துக்கொண்டு எண்பது வருஷம் அப்பாவை வெறுத்திருக்கிறது. இது எங்கள் ஊகம்தான். ஆனால் தாள் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, அது ஊகம் இல்லை.

"டிஎன்ஏ சோதனை செய்தால் போதுமே, இந்தக் காலத்தில் யார் பேரேடு புரட்டுகிறார்கள்" என்று கீழே யாராவது எழுதுவீர்கள். செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் யாருக்கு உறவு என்பதை அது சொல்லும். ஓர் அப்பா ஏன் வீடு திரும்பவில்லை என்பதை எச்சிலில் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, கப்பலில் வந்து குடியேறுகிறவர்களை நியூயார்க்கில் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று எல்லா வீட்டிலும் ஒரு கதை இருக்கும். அங்கே கப்பல் பட்டியலில் ஏற்கனவே எழுதிவந்த பெயரைத்தான் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பிறகு, சம்பளப் புத்தகத்தில், பள்ளிக்கூடத்தில், சில சமயம் அவர்களே மாற்றிக்கொண்டது.

பெயர் என்றால் எனக்கு ஆற்றாமை வந்துவிடும், சொல்லித்தான் தீர வேண்டும். என் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான். விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று அடித்தார்கள், முதல் பெயர் தெரியாது என்று பொருள். அம்மா அப்பா வைத்து, காதில் மூன்று முறை சொன்ன பெயர் எனக்கு உண்டு, எனக்கா பெயர் தெரியாது? மகள் பிறந்தபோது மருத்துவமனையில் படிவம் நிரப்பியவர் அந்த எஃப்என்யூவையே அம்மாவின் முதல் பெயராக எழுதிவிட்டார். பிரசவித்த மூன்றாம் நாள், எழுந்து உட்கார முடியாத நிலையில் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டேன். அதைத் திருத்த ஏழு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் கவுண்டருக்குப் பின்னால் இருந்தவர், சின்னத் தவறுதானே, அப்படியே விட்டுவிடலாமே என்றார். நான் விடவில்லை. 105 வருஷம் கழித்து அந்தத் தாள் திறக்கும்போது யாரோ ஒரு பெண் ராத்திரி உட்கார்ந்து என்னைத் தேடுவாள். அவளுக்கு என் பெயர் சரியாகக் கிடைக்க வேண்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் சான்றிதழையும் இன்றே எடுத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

போன அக்டோபரில் அத்தையோடு பிலடெல்பியாவுக்குப் போனோம். சான்றிதழில் இருந்த கல்லறைத் தோட்டத்து ஆபீஸில் பிரிவும் வரிசையும் சொன்னார்கள். அங்கே கல் எதுவும் இல்லை, புல்தான். அத்தை தன் அம்மாவின் படத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து அந்தப் புல்லில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

உங்கள் மனைவியின் கொள்ளுத்தாத்தா எந்தக் கவுண்டியில் வாழ்ந்தார், ஏறக்குறைய எந்த வருஷம் இறந்தார், என்ன வேலை பார்த்தார் என்பதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். சுரங்கத்தில் அடிபட்டு இறந்தவர் என்றால் மாநிலச் சுரங்கத் துறையின் ஆண்டறிக்கைகளில் பெயர், வயது, விபத்து நடந்த விதம் எல்லாம் போட்டிருப்பார்கள், அதையும் பார்க்கலாம். குடும்பப் பெயரை வீட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே தமிழில் எழுதினாலும் போதும். சனிக்கிழமை எனக்கு நேரம் இருக்கும், தேடிப் பார்க்கிறேன்.