நுரையீரல் பயாப்ஸி: உங்கள் கேள்விகள், ஒரு நர்ஸின் பதில்கள்

ஸ்கேன் பிரிவில் 22 வருடம் நர்ஸாக இருந்தேன். பயாப்ஸி என்றால் நோய் என்ன என்று பார்க்கக் கொஞ்சம் சதையை எடுத்துப் பரிசோதிப்பது. அதற்கு ஊசி வைப்பது டாக்டர். மேஜையில் படுத்திருப்பவரின் தோளைத் தொட்டு, "இப்போ மூச்சை நிறுத்துங்க, ஆங், இனி விடலாம்" என்று சொல்வது என் வேலை. அந்த மேஜைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் முந்தின இரவு தூங்கியிருக்க மாட்டார்கள். என்ன நடக்கும் என்று யாரும் அவர்களிடம் உட்கார்ந்து சொல்லவில்லை என்பதுதான் முக்கியக் காரணம். அதனால் எவ்வளவு சின்னக் கேள்வியாக இருந்தாலும் கேளுங்கள். மருந்து, மாத்திரை, தேதி போன்றவற்றில் உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி முடிவு.

செல்வி: அப்பாவுக்கு ஸ்கேனில் வலது நுரையீரலில் 2 செ.மீ. நிழல் தெரிகிறது. பயாப்ஸி எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் கேன்சர்தானா? ஸ்கேனிலேயே தெரியாதா சிஸ்டர்?

பயாப்ஸி எழுதியதை வைத்து முடிவுக்கு வராதீர்கள் அம்மா. ஸ்கேன் காட்டுவது உருவத்தை மட்டும்தான். டி.பி., பூஞ்சைத் தொற்று, சரியாக ஆறாத நிமோனியா, சார்க்காய்டோசிஸ் (உறுப்புகளில் சின்னச் சின்ன முடிச்சு உண்டாக்கும் நோய்), கேன்சர் எல்லாமே ஸ்கேனில் ஒரே மாதிரி நிழலாக விழலாம். டி.பி.க்கு மாதக்கணக்கில் மாத்திரை, பூஞ்சைக்கு வேறு மருந்து, சார்க்காய்டோசிஸுக்குப் பல சமயம் ஸ்டீராய்டு. டி.பி. இருக்கும்போது அது தெரியாமல் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நோய் முற்றிவிடும். கேன்சராகவே இருந்தாலும் அடினோகார்சினோமாவா, ஸ்குவாமஸா, ஸ்மால் செல்லா என்று வகையைப் பார்த்துத்தான் மருந்து. சதையை மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் இதைப் பிரிக்க வழியில்லை.

ரவி: சிலருக்கு முதுகில் ஊசி, சிலருக்கு மூக்கு வழியாகக் குழாய், சிலருக்கு ஆபரேஷன் என்கிறார்கள். யார் முடிவு செய்வது?

நிழல் இருக்கும் இடம்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது. நுரையீரலின் வெளிப்பக்கம் என்றால் சி.டி. ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசி. நெஞ்சுச் சுவரை ஒட்டியே இருந்தால் அல்ட்ராசவுண்ட் போதும். மூச்சுக்குழாய்க்குப் பக்கத்தில் என்றால் ப்ராங்கோஸ்கோபி, அதாவது மூக்கு அல்லது வாய் வழியாகக் கேமரா வைத்த மெல்லிய குழாய். நெஞ்சின் நடுவில் நெறிக்கட்டி வீங்கியிருந்தால் நுனியில் அல்ட்ராசவுண்ட் வைத்த ப்ராங்கோஸ்கோப். அதை ஈபஸ் என்பார்கள். நுரையீரல் முழுக்கத் தழும்பு பரவும் நோய்களில் சின்ன ஊசியில் வரும் சதை போதாது. அதற்குத்தான் உறைய வைத்து எடுக்கும் க்ரயோ பயாப்ஸியோ, துளை வழி ஆபரேஷனோ.

"எனக்கு ஏன் இந்த வழி?" என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம். படத்தைத் திருப்பிக் காட்டிச் சொல்வார்கள்.

ஜெயந்தி: எனக்கு அடுத்த வாரம் சி.டி. ஊசி பயாப்ஸி. அன்றைக்கு என்ன நடக்கும் என்று முதலிலிருந்து சொல்ல முடியுமா?

சொல்கிறேன். முந்தைய ரத்தப் பரிசோதனையில் ரத்தம் உறையும் வேகமும், உறைய உதவும் தட்டணுக்களும் பார்த்திருப்பார்கள். சாப்பாட்டை சில மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், பல இடங்களில் 6 மணி நேரம். கையில் ஒரு ஐ.வி. லைன் போடுவார்கள். ஒப்புதல் படிவத்தை அவசரமாகக் கையெழுத்துப் போடாமல், படித்து, புரியாததைக் கேளுங்கள்.

பிறகு ஸ்கேன் மேஜை. கட்டி எந்தப் பக்கமோ அதற்கேற்ப மல்லாந்தோ, குப்புறவோ, ஒருக்களித்தோ படுக்க வேண்டும். இந்தப் படுக்கையில்தான் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அசையாமல் இருக்கப் போகிறீர்கள். கழுத்து வலிக்கிறது, தோள் மரக்கிறது என்றால் அப்போதே சொல்லிவிடுங்கள். தலையணை வைத்துத் தருவோம். ஊசி உள்ளே போன பிறகு சொன்னால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. சங்கடப்பட்டு வாயை மூடிக்கொண்டு படுத்து, நடுவில் அசைந்துவிட்ட நல்ல மனிதர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒரு ஸ்கேன். தோலில் பேனாவால் குறி. மருந்து தடவித் துடைக்கும்போது ஜில்லென்று இருக்கும். அப்புறம் மரப்பு ஊசி. பிறகு பயாப்ஸி ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவார்கள். ஒவ்வொரு தடவையும் மேஜை உள்ளே போய் ஒரு ஸ்கேன் எடுத்துத் திரும்பும். இந்தப் போக்குவரத்தில்தான் நேரம் போகிறது. உண்மையில் சதை எடுப்பது சில விநாடி வேலை. அப்போது 'டக்' என்று ஸ்டேப்ளர் அடிப்பது போலச் சத்தம் வரும். அது ஊசியின் ஸ்பிரிங் சத்தம், பயப்படாதீர்கள். மூன்று நான்கு தடவை கேட்கலாம்.

இதில் உங்கள் பங்கு ஒன்று உண்டு: மூச்சு. மூச்சு விடும்போது நுரையீரலோடு சேர்ந்து கட்டியும் மேலும் கீழும் போகும், கீழ்ப்பகுதியில் இருந்தால் இன்னும் அதிகமாக. ஒரு தடவை ஆழமாக இழுத்து நிறுத்தி, அடுத்த தடவை லேசாக நிறுத்தினால் கட்டி வேறு இடத்தில் இருக்கும். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு மூச்சு. ஆழமாக இழுக்க வேண்டாம், சாதாரணமாக இழுத்து நிறுத்தினாலே போதும் என்றுதான் பெரும்பாலும் சொல்வோம். இன்றிலிருந்து வீட்டில் படுத்துக்கொண்டு பழகுங்கள். 10 விநாடி நிறுத்திப் பாருங்கள். பழகிவிட்டு வந்தவர்களுக்கு வேலை எவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

முருகேசன்: வலிக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

மரப்பு ஊசி போடும்போது சுருக்கென்று எரியும், சில விநாடி. நுரையீரலுக்குள் வலி தெரியாது. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் உறைக்கு வலி நன்றாகத் தெரியும். ஊசி அதைத் தாண்டும் கணத்தில் ஒரு குத்தலோ, தோள்பட்டை வரை இழுப்பதோ இருக்கலாம். அப்போது துள்ளாமல், கையையும் தூக்காமல், வாயால் மட்டும் "வலிக்குது" என்று சொல்லுங்கள். இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். அன்று இரவு பச்சைப்புண் மாதிரி ஒரு வலி இருக்கும், பாராசிட்டமாலுக்குக் கேட்கும்.

பெயர் வேண்டாம்: ஊசி பட்டால் கேன்சர் பரவிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் தடுக்கிறார்கள். நான்கு மாதமாகத் தள்ளிப்போகிறது.

இந்தக் கேள்விக்காகவே பதில் சொல்ல உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊசி போன பாதையில் கேன்சர் செல் ஒட்டி வளர்வது மருத்துவத்தில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அது மிக மிக அரிது. பல இடங்களில் இப்போது உறை ஊசி வைத்துத்தான் எடுக்கிறார்கள். வெளியே இருக்கும் ஊசி ஒரு குழாய் மாதிரி அசையாமல் நிற்கும். அதற்குள் இன்னொரு ஊசி போய்ச் சதையோடு திரும்பும். வரும் வழியில் சதை மற்ற இடத்தில் படாது.

பெரியவர்கள் சொல்வது எங்கிருந்து வந்தது என்றும் எனக்குப் புரிகிறது. நோய் முற்றிய பிறகு பயாப்ஸிக்கு வருகிறார்கள், அடுத்த இரண்டு மாதத்தில் உடம்பு சரிகிறது, பழி ஊசி மேல் விழுகிறது. அந்த நோய் ஊசிக்கு முன்பே பரவியிருந்தது. ஊசிக்குப் பயந்து வராமல் இருந்து, கடைசியில் வந்தவர்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்தப் பதிலை வீட்டில் படித்துக் காட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பெரியவரையே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நான்கு மாதம் போதும், இனி ஒரு வாரம்கூடத் தள்ளாதீர்கள்.

கவிதா: காற்று கசியும், டியூப் போடுவார்கள் என்று ஒப்புதல் படிவத்தில் இருந்தது. படித்ததிலிருந்து கை நடுங்குகிறது.

நுரையீரல் உறையில் ஊசி போட்ட ஓட்டை வழியாகக் காற்று கசிந்து, நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் தேங்குவதுதான் அது. நியூமோதொராக்ஸ் என்பார்கள். சி.டி. ஊசி பயாப்ஸியில் சுமார் 5 பேரில் ஒருவருக்கு ஏதோ ஓர் அளவில் இது வரும். கேட்கப் பெரிதாக இருக்கிறது, ஆனால் அதில் பெரும்பாலானவை எக்ஸ்ரேயில் மட்டும் தெரியும் மெல்லிய கீற்று, தானாக உறிஞ்சிக்கொண்டுவிடும். டியூப் தேவைப்படுவது ஏறக்குறைய 20 பேரில் ஒருவருக்கு. அந்த டியூபும் பல சமயம் மெல்லியதுதான்; ஓரிரு நாளில் எடுத்துவிடுவார்கள். புகைத்து நுரையீரல் பாழானவர்களுக்கும், கட்டி ஆழத்தில் இருப்பவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல்.

இதற்காகத்தான் ஊசி எடுத்ததும் ஊசி போட்ட பக்கம் கீழே இருக்கும்படி படுக்க வைப்போம். உடம்பின் எடையே ஓட்டையை அழுத்தி மூட உதவும். அந்த நேரத்தில் பேச வேண்டாம், முடிந்தவரை இருமவும் வேண்டாம். பார்க்க வந்த உறவினர்கள் விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். நான் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவேன். சில மணி நேரத்துக்குள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, சரியாக இருந்தால் அன்றே வீட்டுக்குப் போகலாம்.

சுந்தர்: அம்மாவுக்கு இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். நாங்களே நிறுத்திவிட்டு வரலாமா?

கூடாது தம்பி, கண்டிப்பாகக் கூடாது. க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி மாத்திரைகளைச் சுமார் 5 நாள் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம்தான். ஆனால் ஸ்டென்ட் வைத்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதைப் பொறுத்து, நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்தும் இருக்கிறது. இதய டாக்டரும் பயாப்ஸி செய்யும் டாக்டரும் பேசிக்கொண்டு நாளைக் குறிக்கட்டும். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் பற்றியும் தனியாகக் கேளுங்கள். பட்டினி நேரத்தில் சர்க்கரை இறங்கிவிடும். வலி மாத்திரை, நாட்டு மருந்து, எதையும் மறைக்காமல் பட்டியல் எழுதிக் கொடுங்கள்.

மீனா: ப்ராங்கோஸ்கோபியில் தொண்டையில் குழாய் விட்டால் மூச்சு அடைக்காதா?

அடைக்காது. குழாய் உங்கள் சுண்டுவிரலை விட மெல்லியது, சுமார் 5 முதல் 6 மி.மீ. மூச்சுக்குழாய் அதைவிட நன்றாகவே அகலம். மூக்கு வழியாக ஆக்சிஜனும் போய்க்கொண்டிருக்கும். தொண்டையில் அடிக்கும் மரப்பு மருந்து கசக்கும். எச்சில் விழுங்கவே முடியாத மாதிரி ஓர் உணர்வு வரும். அது மரப்புதான், தொண்டை அடைப்பு இல்லை. அரைத் தூக்க மருந்தும் கொடுப்பதால் பலருக்கு நடந்தது பாதி நினைவிலேயே இருக்காது.

முடிந்த பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. தொண்டை மரத்திருக்கும்போது குடித்தால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். அன்று மாலை லேசான காய்ச்சலும், ஓரிரு நாள் சளியில் ரத்தக் கீற்றும் வரலாம். அன்றைக்கு வண்டி ஓட்டாதீர்கள்.

பாலு: மாமாவுக்கு வாட்ஸ் ஆபரேஷன் என்கிறார்கள்.

ரவிக்குச் சொன்ன துளை வழி ஆபரேஷன்தான் அது. முழு மயக்கம், விலாவில் ஒன்று முதல் மூன்று சின்னத் துளை, கேமரா. முடிந்ததும் ஒரு டியூப் இருக்கும், சில நாள் ஆஸ்பத்திரி வாசம். ஊசி பயாப்ஸியை விட வலி அதிகம்தான், வலி மாத்திரையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வலிக்குப் பயந்து இருமாமல் இருந்தால் சளி கட்டிவிடும். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினால் வலி குறைவாக இருக்கும்.

ஜெயந்தி: மறுபடியும் நான்தான். ரிசல்ட் எப்போது வரும்? "போதிய சதை இல்லை" என்று வந்தால்?

சாதாரண ரிப்போர்ட் பொதுவாக ஒரு வாரத்துக்குள். செல் வகையைப் பிரிக்கக் கூடுதல் சாயப் பரிசோதனை தேவையென்றால் இன்னும் சில நாள். கேன்சர் என்று தெரிந்து இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. மாதிரி மரபணுப் பரிசோதனைக்குப் போனால் இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். தாமதமானால் உடனே கெட்ட செய்தி என்று நினைக்காதீர்கள்.

டி.பி. கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, 6 முதல் 8 வாரம்வரை போகும், அந்தக் கிருமி மெதுவாக வளர்வது. இதில் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: டி.பி. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டு சலைனில் தனியாகப் போகிறதா? எல்லாத் துண்டையும் சதை கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் செய்ய முடியாது. பெரும்பாலும் அவர்களே செய்வார்கள்; கேட்பதில் தப்பில்லை.

"போதிய சதை இல்லை" என்பதற்கு "நோய் இல்லை" என்று அர்த்தம் கிடையாது. கட்டியின் நடுப்பகுதி செத்திருந்தால், அல்லது கட்டி 1 செ.மீ.க்கும் சின்னதாக இருந்தால் அப்படி வரலாம். மறுபடி எடுக்கச் சொல்வார்கள், இல்லை சில வாரம் கழித்து ஸ்கேன் பார்ப்பார்கள். "ஒன்றும் இல்லையாம்" என்று ஃபைலை மூடி வைத்துவிடாதீர்கள்.

கவிதா: வீட்டுக்கு வந்த பிறகு எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

திடீரென்று மூச்சு வாங்குவது, மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் கூர்மையான வலி, இருமினால் ஸ்பூன் கணக்கில் சிவந்த ரத்தம், படபடப்போடு தலைசுற்றல், குளிரோடு காய்ச்சல். இதில் எது வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் முதல் வாக்கியமாக "நுரையீரல் பயாப்ஸி செய்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். காற்று சில சமயம் அன்றில்லாமல் மறுநாள்கூடக் கசியும். முதல் இரவு தனியாக இருக்க வேண்டாம். சில நாள் கனமானது தூக்காதீர்கள். விமானப் பயணம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள். காற்றுக் கசிவு வந்தவர்கள், அது முழுதும் சரியானதை எக்ஸ்ரேயில் பார்த்து ஒரு வாரமாவது ஆன பிறகுதான் பறக்கலாம்.

இளங்கோ: எனக்கு நாளை காலை. ஒரு வாரமாக வறட்டு இருமல் இருக்கிறது. சொன்னால் தள்ளிப் போட்டுவிடுவார்களோ என்று சொல்லவில்லை.

இன்றே போன் செய்து சொல்லிவிடுங்கள் தம்பி. ஊசி உள்ளே இருக்கும்போது இருமினால் நுரையீரல் கிழியும் ஆபத்து இருக்கிறது. பல சமயம் இருமல் அடக்கும் மருந்து கொடுத்து அதே நாளில் செய்துவிடுவார்கள், தள்ளிப் போட்டாலும் சில நாள்தான். பழைய ஸ்கேன் படம், அது பதிந்த டிஸ்க் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போடுங்கள். கூட ஒருவர் வரட்டும். நடுவில் இருமல் வருகிற மாதிரி இருந்தால், "இருமல் வருது" என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லுங்கள்; டாக்டர் கையை நிறுத்திக் காத்திருப்பார்.