மச்சில் மரநாய், வாசலில் சாரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் பழைய ஓட்டு வீட்டில் மச்சுக்கு மேல் ஒரு மரநாய் ராத்திரி முழுக்க ஓடுகிறது. கூண்டு வைத்துப் பிடித்து மாதவரம் ஏரிப் பக்கம் விட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். செய்யலாமா? (வாசகி, பெரம்பூர்)

பதில்: வேண்டாம் சகோதரி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அதைப் பிடிப்பதே குற்றம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, மச்சில் குட்டிகள் இருந்து தாயை மட்டும் கொண்டுபோய் விட்டால், மூன்றாம் நாள் நாற்றம் வரும்போதுதான் நமக்குத் தெரியும் என்பது. குட்டி இல்லாவிட்டாலும் ஓட்டுச் சந்து அப்படியேதானே இருக்கிறது, இது போனால் இன்னொன்று வரும். புது இடத்தில் விட்டதோ எங்கே பதுங்குவது, எங்கே தின்பது என்று புரியாமல் அலைந்து ரோட்டில் அடிபடும், இல்லை தெருநாய்களிடம் மாட்டும்.

கோலமாவு எடுத்து, அது நுழைகிற சந்தின் வாயில் சாயங்காலம் மெல்லியதாகத் தூவி வையுங்கள். எட்டு, ஒன்பது மணிக்கு மேல் டார்ச் அடித்துப் பார்த்தால், வெளியே போன கால்தடம் மாவில் பதிந்திருக்கும். உள்ளே கீச்சுக் குரல் ஏதும் இல்லை என்று நாலைந்து நாள் காது கொடுத்துக் கேட்டு உறுதி செய்த பிறகு, ஒருநாள் அது வெளியே போன நேரத்தில் கெட்டியான கம்பி வலை வைத்து அடைத்துவிடுங்கள். குட்டிச் சத்தம் கேட்டால் மட்டும் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள், கொஞ்சம் பெரிதானதும் தாயோடு கிளம்பிவிடும். அப்புறம் ஓட்டின் மேல் சாய்ந்திருக்கும் மாமரக் கிளையைக் கழித்துவிடுங்கள், அதுதான் அதற்குப் படிக்கட்டு.

கேள்வி: மழை விட்டதும் கேப்டன் காட்டன் கால்வாய்ப் பக்கமிருந்து எங்கள் தெருவுக்குச் சாரை வருகிறது. சாரை வந்தால் நல்ல பாம்பும் ஜோடியாக வரும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது. (வாசகர், வியாசர்பாடி)

பதில்: சாரை ஆண், நல்ல பாம்பு பெண் என்று நானும் சின்ன வயதில் கேட்டு வளர்ந்தவன்தான் தம்பி, ஆனால் இரண்டும் வேறு வேறு இனம், சேரவே சேராது. பின்னிக்கொண்டு எழும்பி நிற்கும் இரண்டு சாரைகளைப் பார்த்து ஜோடி என்கிறோமே, அது பெரும்பாலும் இரண்டு ஆண்கள் போடும் சண்டை. சாரைக்கு விஷம் கிடையாது, அது உங்கள் தெருவுக்கு வருவது எலிக்கும் தவளைக்கும்தான். மீன் கழிவும் மிச்சச் சோறும் கால்வாய் ஓரம் கொட்டினால் பெருச்சாளி பெருகும், பெருச்சாளி இருக்கும் வரை எத்தனை பாம்பைப் பிடித்துக் கொடுத்தாலும் அடுத்தது வந்துகொண்டேதான் இருக்கும்.

வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டால் எந்தப் பாம்பு என்று குனிந்து பார்க்காதீர்கள், கம்பும் எடுக்காதீர்கள். தள்ளி நின்று அது போகிற இடத்தில் கண் வைத்துக்கொண்டு, தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். தப்பித் தவறிக் கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல் 108-ஐக் கூப்பிட்டு நேரே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் காக்கா தலையில் கொத்துகிறது. கூட்டைக் கலைத்துவிடலாமா? (வாசகி, கொடுங்கையூர்)

பதில்: கலைக்காதீர்கள் அம்மா, உள்ளே குஞ்சு இருக்கும், அதனால்தான் அந்தக் கோபம். குஞ்சு பறக்கிற வரை, ஒரு மாதம் போல, குடை பிடித்துக்கொண்டு மாடிக்குப் போங்கள்.