திருகோணமலை ஸ்டோரேஜைக் கொழும்புக்கு அசின்க்ரோனஸாக ரெப்ளிகேட் செய்தால், அதாவது பிரதியைச் சற்றுப் பிந்தி அனுப்பினால், விற்பனையாளர் சொல்லும் 5 நிமிட ஆர்பிஓ (விபத்து நேர்ந்தால் அதிகபட்சம் எவ்வளவு நேர டேட்டா இழக்கலாம் என்ற அளவு) உண்மையில் கிடைக்குமா?

அமைதியான இரவில் கிடைக்கும். காலை 10 மணிக்குக் கிடைக்குமா என்பதை உங்கள் லைன்தான் முடிவு செய்யும். நானும் திருகோணமலையில் இதே ஸ்டோரேஜ் வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், சின்க்ரோனஸாகவே, அதாவது கொழும்பிலும் எழுதி முடிந்த பிறகே "முடிந்தது" என்று சொல்லும்படி போடலாமே என்று உங்கள் நிர்வாகம் கேட்கும். ஃபைபரில் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். கொழும்பு வரை கேபிள் 260 கிலோமீட்டர் என்று வைத்தாலும் போய்வர 2.6 மில்லிசெக்கன், வழியில் உள்ள கருவிகளின் தாமதம் தனி. ஃபிளாஷ் ஸ்டோரேஜில் 1 மில்லிசெக்கனுக்குள் முடிகிற ஒவ்வொரு டேட்டா பதிவும் அவ்வளவு நேரம் காத்து நிற்க வேண்டிவரும், லைன் தடுமாறினால் இங்கே வேலையும் தடுமாறும். ஆகவே உங்களுக்கு அசின்க்ரோனஸ் சரிதான்: இங்கே எழுதியவுடன் அப்ளிகேஷனுக்கு "முடிந்தது" என்று பதில் போய்விடும், கொழும்புக்கு அது பிறகு போய்ச் சேரும்.

அந்தப் "பிறகு" எவ்வளவு நேரம் என்பதுதான் உங்கள் கேள்வி. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். செக்கனுக்கு 20 மெகாபிட் லைன் முழுமூச்சாக ஓடினால் மணிக்கு 9 ஜிபி கடத்தும். காலை 8 முதல் 11 வரை உங்கள் சிஸ்டம் மணிக்கு 20 ஜிபி எழுதுகிறது என்றால், 11 மணிக்கு எழுதியது 60, போய்ச் சேர்ந்தது 27, மீதி 33 ஜிபி இங்கேயே நிற்கும். அந்த நேரத்தில் ஸ்டோரேஜ் அழிந்தால் கொழும்பில் இருப்பது சுமார் 9.20 மணி நிலவரம். அதன்பின் மணிக்கு 3 ஜிபி மட்டுமே எழுதினாலும் பின்தங்கியது தீர மாலை நாலரை ஆகிவிடும். நாள் முழுக்கச் சராசரி எடுத்தால் இதே லைன் தாராளமாகப் போதும் என்றுதான் தெரியும், அதனால்தான் சராசரியைக் காட்டி விற்கிறார்கள். நெட்ஆப் நிறுவனத்தின் ஸ்னாப்மிரர் போல ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்து நிலவரத்தின் பிரதி) எடுத்து அனுப்புகிற முறை என்றால் இன்னொன்றையும் கூட்ட வேண்டும்: 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, அனுப்ப 4 நிமிடம் ஆனால், இழப்பு 9 நிமிடம் வரை போகலாம்.

எனக்கு இதைவிடப் பயம் லைன் அறுந்து திரும்ப வரும் நேரத்தில்தான். 2020 டிசம்பர் 2 இரவு புரேவி புயல் நமக்கு வடக்கேதான் கரை கடந்தது. அப்படியான இரவில் கரண்டும் லைனும் முதலில் போகும், ஸ்டோரேஜ் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டே இருக்கும். ஜர்னல் (அனுப்பக் காத்திருக்கும் டேட்டாவை வரிசையாக வைக்கும் இடம்) நிரம்பினால் ரெப்ளிகேஷன் நின்றுவிடும், அதன்பின் எந்தெந்த பிளாக் (ஸ்டோரேஜின் சிறு துண்டு) மாறியது என்று மட்டும் பல சிஸ்டம்கள் குறித்து வைத்துக்கொள்ளும். லைன் வந்ததும் அந்த பிளாக்குகள் எழுதிய வரிசையில் போகாது. இப்படி இரு பக்கத்தையும் மறுபடி சமப்படுத்தும் அந்த ரீசின்க் முடியும்வரை கொழும்புப் பிரதி பாதி பழையது, பாதி புதியது, டேட்டாபேஸ் திறக்காமல் போகலாம். புயலின் இரண்டாவது அடி சரியாக அப்போது விழுந்தால் இரண்டு பக்கமும் போச்சு. ஆகவே ரீசின்க் தொடங்குமுன் கொழும்பில் தானாக ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்குமா என்று கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். டேட்டா ஃபைலும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் லொக் ஃபைலும் வேறு வேறு வால்யூமில் இருந்தால் இரண்டையும் ஒரே கன்சிஸ்டன்சி குரூப்பில் (ஒரே நேர நிலவரமாகச் சேர்த்து அனுப்பப்படும் தொகுதியில்) போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒன்று 10.02 நிலவரமும் மற்றது 10.04 நிலவரமுமாகப் போய் நிற்கும்.

சரி, ரெப்ளிகேஷன் வந்துவிட்டால் பேக்கப் தேவையில்லை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். கப்பம் கேட்கும் ரான்சம்வேர் பூட்டிய ஃபைலையும் தவறுதலாக அழித்த டேபிளையும் இது அதே அக்கறையோடு கொழும்புக்கு அனுப்பிவிடும். 2023 ஆகஸ்டில் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் தாக்கப்பட்டபோது மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்துவைத்த பேக்கப் இருக்கவில்லை. நெட்வொர்க்கோடு இணைக்காத ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்.

லைனுக்குப் பணம் கட்டுமுன் செய்ய வேண்டியது: மாத முடிவு, சம்பள நாள் உட்பட ஒரு முழு மாதத்துக்கு ஸ்டோரேஜில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதப்படும் டேட்டாவின் அளவைப் பதிவு செய்யுங்கள். அதில் மிக மோசமான 3 மணி நேரத்தை எடுத்து மேலே போட்ட கணக்கைப் போடுங்கள். வருகிற விடையை விற்பனையாளர் முன் வைத்து, இந்த நேரத்தில் உங்கள் 5 நிமிடம் எங்கே என்று கேளுங்கள். அப்புறம், வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை கொழும்புப் பக்கத்தில் டேட்டாபேஸை உண்மையாகவே திறந்து, கிண்ணியா கிளையிலிருந்து ஒருவரை லொகின் செய்யச் சொல்லிப் பாருங்கள். திரும்பத் திருகோணமலைக்கு மாற்றுவதையும் அதே நாளில் செய்து பாருங்கள், பலருக்கும் சிக்குவது அங்கேதான்.