வளவும் செடியும்: செவ்வரத்தையா, நந்தியாவட்டையா?

கேள்வி (செங்கலடி வாசகி): அக்கா, எங்கட வளவு ரோட்டுப் பக்கம் முள்ளுக்கம்பி வேலிதான், மதில் கட்ட இப்ப வசதியில்ல. வருசம் முழுக்க பச்சையா நிக்கிற செடி ஒண்ட வரிசையா வைச்சு அடைக்கலாம் எண்டு யோசிக்கிறம். அம்மா செவ்வரத்தை எண்டுறா, பூசைக்கும் பூ கிடைக்குமாம். பக்கத்து வீட்டு மாமி நந்தியாவட்டைதான் நல்லம் எண்டு சொல்றா. வேலியில பாதிக்கு மேல மாமர நிழல் விழும், மற்றப் பாதி நல்ல வெயில். ரோட்டில ஆடு மாடு எந்த நேரமும் திரியுது. வீட்டில சின்னப் புள்ளையளும் இருக்கு. எத வைக்கிறது?

பதில்: தங்கச்சி, கேள்வியிலயே பதிலுக்கு வேண்டிய எல்லாத்தையும் எழுதிட்டீங்க. ஆடு மாடு, நிழல், புள்ளையள். கனபேர் பூவ மட்டும் பாத்துத்தான் செடி வாங்குறாங்க, மறுகா ஆறு மாசத்தில வேலி வேலியா இல்லாம போன பிறகுதான் யோசிக்கிறாங்க.

முதல்ல ஆட்டப் பாப்பம். செவ்வரத்தை இலை ஆட்டுக்கு அவ்வளவு விருப்பம், கம்பிக்குள்ளால தலைய விட்டு எட்டுற மட்டும் மொட்டையடிச்சிட்டுத்தான் போகும், இளங்கொழுந்து எண்டா மாடும் விடாது. நந்தியாவட்டையில கொப்ப முறிச்சா வெள்ளைப் பால் வடியும், அதுல ஆடு மாடு பொதுவா வாய் வைக்கிறதில்ல. அதுனால ரோட்டுப் பக்க வேலிக்கு மாமி சொன்னதுதான் சரி. இதுல எனக்கு ரெண்டாவது யோசனை இல்ல.

நிழலுக்கும் அதேதான். செவ்வரத்தைக்கு ஒரு நாளைக்கு அஞ்சு ஆறு மணித்தியாலமாவது நேரடி வெயில் வேணும், மாமரத்துக்குக் கீழ வைச்சா கொப்பு மெலிஞ்சு நீண்டு போய் இலைக்கு இலை இடைவெளி விட்டு, பூவும் இல்லாம நிக்கும். நந்தியாவட்டை அரை நிழல்லயும் அடர்த்தியா வரும், கரும்பச்சை இலை மினுமினுப்பா இருக்கும். வளர்த்தி மட்டும் கொஞ்சம் மெதுவு, செவ்வரத்தை ரெண்டு மழைக்காலத்தில எட்டுற உயரத்துக்கு இது இன்னும் ஒரு வருசம் கூட எடுக்கும், அதுக்குப் பொறுமை வேணும்.

அதுக்காக அம்மாட ஆசைய விடச் சொல்லல்ல. வெயில் படுற பாதியில, வேலிக்கு உள்பக்கமா, ஆடு எட்டாத தூரத்தில, கிணத்தடி தண்ணி ஓடுற இடமாப் பாத்து ரெண்டு மூணு செவ்வரத்தை வைங்க. சிவப்பு ஒத்தைப் பூ ஜாதிதான் எங்கட மண்ணுக்கு லேசு. பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் சிவப்பு, சிவனுக்கு வெள்ளை நந்தியாவட்டை எண்டு ரெண்டும் வீட்டிலயே கிடைக்கும். எங்கட பக்கம் பூ கூடத் தேவைப்படுறது வைகாசியில கண்ணகை அம்மன் சடங்குக்கும் ஆடி அமாவாசை மாமாங்கத்துக்கும், ரெண்டும் கச்சான் காத்து காய்ச்சி எடுக்கிற காலம், மழையெல்லாம் ஐப்பசியில இருந்து தைக்குள்ள கொட்டி முடிஞ்சிரும். ரெண்டும் வருசம் முழுக்க பச்சையா நிக்கிற செடிதான், ஆனா அந்தக் கச்சான் மாசங்கள்ல செவ்வரத்தைக்கு தண்ணி விட்டுப்போனா இலை மஞ்சளாகிக் கொட்டும், மொட்டும் கொட்டும். நந்தியாவட்டை வேர் பிடிச்ச பிறகு, அதுவும் கொஞ்சம் நிழல் இருந்தா, அந்தளவுக்குச் சோராது. தென்னந்தும்பு, காய்ஞ்ச இலை எல்லாத்தையும் அடியில தடிப்பமாப் பரப்பி விட்டா தண்ணி ஊத்துற வேலை பாதி குறையும். தண்டோட ஒட்டாம ஒரு சாண் தள்ளிப் பரப்புங்க.

பூச்சியப் பத்தி எழுதாம விட ஏலாது. செவ்வரத்தைக்கு பெரிய எதிரி மாப்பூச்சி. இலைக்காம்புக்கிட்ட பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையா இருக்கும், நுனி இலை எல்லாம் சுருண்டு கொத்தாப் போகும், தண்டில எறும்பு மேலயும் கீழயும் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனெண்டா அந்தப் பூச்சி விடுற இனிப்புத் தண்ணிக்கு எறும்புதான் காவல். 2008 இல இலங்கைக்குள்ள வந்து பப்பாசி எல்லாத்தையும் நாசமாக்கின மாப்பூச்சி ஞாபகமிருக்கும், அதுக்கும் செவ்வரத்தை நல்ல வீடு. அதால பப்பாசிக்குக் கிட்ட வைக்க வேணாம், வெண்டிப் பாத்திக்குக் கிட்டவும் வேணாம், வெண்டியும் செவ்வரத்தையும் ஒரே குடும்பம், ஒண்டுல வாற பூச்சி மற்றதுக்கும் போகும். கொஞ்சமா இருக்கேக்கையே சுருண்ட நுனிய வெட்டி எரிச்சிட்டு, சவர்க்காரத் தண்ணியில துளி வேப்பெண்ணெய் கலந்து பின்னேரத்தில இலையின்ட அடிப்பக்கம் நனைய அடிங்க, கிழமைக்கு ஒருக்கா ரெண்டு மூணு தரம் செய்ய வேணும்.

நந்தியாவட்டைக்குப் பூச்சியே வராது எண்டு நேர்சரியில சொல்லுவாங்க, அது சரியில்ல. ஒரு பெரிய பச்சைப் புழு வரும், விரல் மொத்தம், வால்ல ஒரு கொம்பு, தலைக்குக் கிட்ட ரெண்டு பக்கமும் நீலமும் வெள்ளையுமா கண் மாதிரி பொட்டு, தொட்டா தலைய வளைச்சு அந்தப் பொட்டக் காட்டிப் பயமுறுத்தும். அலரியிலயும் இதே புழுதான். ராவோட ராவா ஒரு கொப்பு இலைய முடிச்சிரும். புழு இலை நிறத்திலயே இருக்கிறதால கண்ணுக்குப் படாது, அதத் தேடாம நிலத்தப் பாருங்க, மிளகு மாதிரி உருண்டையா எச்சம் கிடக்கும், அதுக்கு நேர மேல பாத்தா ஆள் இருப்பார். கையால எடுத்துப் போட்டாக் காணும், மருந்து வேணாம்.

புள்ளையள் இருக்கிற வீடு எண்டதால ஒண்டு கட்டாயம் சொல்ல வேணும். நந்தியாவட்டைப் பால் நஞ்சு, கண்ணுல வாயில படக் கூடாது. அந்தப் பூவ கண்நோவுக்கு ஒத்துறது எங்கட ஊர்ப் பழக்கம், பால் பட்டா இருக்கிற கண்ணும் எரிஞ்சு சிவக்கும், கண்ணுக்கு ஒண்டெண்டா டொக்டரிட்டப் போங்க. செவ்வரத்தையில அந்தப் பயம் இல்ல, இலைய அரைச்சுத் தலைக்கு வைச்சு முழுகலாம், புள்ள பூவப் பிச்சு வாயில போட்டாலும் பதறத் தேவையில்ல. நந்தியாவட்டைய வெட்டிற நாள்ல புள்ளையளத் தள்ளி வைச்சிருங்க, நீங்களும் கைய சவர்க்காரம் போட்டுக் கழுவுங்க.

நடுறதுக்கு ஐப்பசி நல்லம். பென்சில் மொத்தத்தில முத்தின கொப்பா எடுத்து ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நந்தியாவட்டை எண்டா பால் நிக்கும் மட்டும் தண்ணியில வைச்சுப்போட்டு ஊண்டுங்க. செடிக்குச் செடி ரெண்டரை மூணு அடி விடுங்க. கார்த்திகை மார்கழியில வளவுக்குள்ள தண்ணி நிக்கிற இடமெண்டா அரை அடி வரம்பு கட்டி அதுக்கு மேல வைங்க, தண்ணி தேங்கினா ரெண்டுக்கும் வேர் அழுகும்.

கேள்வி (அக்கரைப்பற்று வாசகர்): செவ்வரத்தைய மதில் ஓரமா வைச்சன். நிறைய மொட்டு வருது, விரியாமக் கொட்டுது. இலையும் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. நேர்சரியில யூரியா போடச் சொன்னாங்க.

பதில்: தம்பி, யூரியாவ நிப்பாட்டுங்க. நரம்பு பச்சையா நிண்டு நடுவு மஞ்சளாறது இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்காததால. மதில் கட்டேக்க கொட்டின சீமெந்து, சுண்ணாம்புக் கல்லு எல்லாம் அடியில புதைஞ்சு கிடக்கும், அது மண்ணக் காரமாக்கிரும், அந்த மண்ணுல இரும்பு இருந்தும் வேரால எடுக்க ஏலாது. மதிலடியில ஒருக்காக் கிண்டிப் பாருங்க. கல்லு வந்தா செடிய மதில்ல இருந்து ரெண்டடியாவது தள்ளி வைச்சு, கிடங்க அகலமா வெட்டி மக்கின மாட்டெருவும் இலைக்குப்பையும் போட்டு நிரப்புங்க.

மொட்டுக் கதை வேற. ஒரு நாள் காய விட்டு மறுநாள் வெள்ளமா ஊத்தினா மொட்டுக் கொட்டும், அடுக்குப் பூ ஜாதி இன்னும் கெதியாக் கொட்டும். கொட்டின மொட்ட ஒண்ட நகத்தால கீறிப் பாருங்க, உள்ளுக்க மட்டுமட்டாத் தெரியிற பூச்சியோ புழுவோ ஓடினா, கீழ கிடக்கிற மொட்டெல்லாத்தையும் ஒவ்வொரு நாளும் பொறுக்கி எரிக்க வேணும், நிலத்திலயே விட்டா திரும்பத் திரும்ப வரும். இன்னொண்டு, செவ்வரத்தை புதுக்கொப்பு நுனியிலதான் பூக்கும். மதிலோட சமனா நிக்க வேணும் எண்டு மாசாமாசம் வெட்டினா பூவக் காண மாட்டீங்க. மழை தொடங்கேக்க ஒருக்கா வெட்டினாக் காணும். மலேசியா 1960 இல தேசிய மலரா எடுத்த பூ இது, எங்கட வேலியில சும்மா நிக்குது எண்டு கவனிக்காம விடக் கூடாது.

கேள்வி (கல்லடி வாசகி): கடற்கரைக்குக் கிட்ட வீடு. ரெண்டுல எது தாங்கும்?

பதில்: கடலுக்கு நேர முன்னுக்கு எண்டா ரெண்டும் வேணாம், உப்புக் காத்தில இலை ஓரம் கருகிரும். முன் வரிசைக்கு பூவரசு போடுங்க, அதுவும் பச்சை மாறாது, உப்பத் தாங்கும். அதுக்குப் பின்னால, வீட்டு மறைப்பில, ரெண்டையும் வைக்கலாம்.